பெங்களூரு நெரிசலில் ஓடும் பைக்: வீட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பும் அதன் பிறகு செய்ய வேண்டிய மேம்பாடும்

பெங்களூருவில் பைக் வைத்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் வைத்துப் பராமரிப்பைத் திட்டமிட முடியாது என்பதுதான். சில்க் போர்டு சந்திப்பிலோ வெளிவட்டச் சாலையிலோ மாலை ஆறு மணிக்கு நிற்கும் பைக்கில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றாது. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லும் பைக் ஒன்று சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடினால், அந்தத் தூரத்தைக் கடக்க என்ஜின் 125 மணி நேரம் உழைத்திருக்கும். நெரிசலில் சராசரி 15 கி.மீ.யாகக் குறைந்தால், அதே தூரத்துக்கு 333 மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கும். அதுவும் காற்றால் குளிரும் என்ஜினுக்கு நின்ற இடத்தில் காற்று கிடைக்காது. கிளட்ச் பாதி அழுத்திய நிலையிலேயே தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே நகருக்குள்ளேயே ஓடும் பைக்குக்கு, உரிமையாளர் கையேடு சொல்லும் இடைவெளியை அதிகபட்ச எல்லையாக மட்டுமே கொண்டு, ஆயில், ஏர் ஃபில்டர், கிளட்ச் கேபிள் ஆகிய மூன்றையும் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவதாக ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூடுதல் விளக்கு, புதிய டயர், வேறு ஹாரன் என்று எதைப் பொருத்த ஆசைப்பட்டாலும், பைக் முதலில் கம்பெனி சொன்ன நிலையில் குறையின்றி ஓட வேண்டும். தளர்ந்த செயினும் தேய்ந்த பிரேக் பேடும் இருக்கும் வண்டியில் செய்யும் மேம்பாடு, பழுதை மறைக்குமே தவிரப் பயன் தராது. அதனால் இந்தக் கட்டுரையில் பராமரிப்புக்குத்தான் முதலிடம்.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. 8 முதல் 17 வரையிலான ரிங் ஸ்பேனர்கள், பின் ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பேனர் ஒன்று, ஆலன் கீ தொகுப்பு, டயர் அழுத்தமானி, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை இருந்தால் கீழே சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கிலேயே முடிக்கலாம். சிறிது பணம் மிச்சமிருந்தால் போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்குங்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டை வேகத்தில் முறுக்கி அலுமினிய மரையைக் கெடுத்துவிட்டால், அதைச் சரிசெய்ய ஆகும் செலவு அந்த ரெஞ்சின் விலையைத் தாண்டிவிடும்.

செயின்

வாரம் ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், அது செயின் வேலையாக இருக்கட்டும். பெங்களூருவின் புழுதி ஆயில் பசையோடு சேர்ந்து கருப்புக் களிம்பாக மாறி, செயின் உருளைகளையும், செயின் மாட்டி ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் அரைத்துத் தள்ளுகிறது. சாதாரணமாக 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்து வந்த ஒவ்வொரு முறையும் செயினைக் கவனிக்க வேண்டும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இப்போது வரும் பல மாடல்களில் சென்டர் ஸ்டாண்டு இல்லாததால் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் பேடாக் ஸ்டாண்டு தேவைப்படலாம். என்ஜினை அணைத்து, சாவியைக் கழற்றி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று என்ஜினை முதல் கியரில் ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும் என்பதால், இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மென்மையான பிரஷ்ஷில் மண்ணெண்ணெயோ செயின் கிளீனரோ தொட்டு, நான்கு பக்கமும் தேய்த்து, பழைய துணியால் ஒற்றி எடுக்கவும். உங்கள் செயினின் இணைப்புகளுக்கிடையே சிறிய ரப்பர் வளையங்கள் தெரிந்தால் அது ஓ-ரிங் வகை. உற்பத்தியின்போது வைத்த கிரீஸை உள்ளேயே காப்பாற்றுவது அந்த வளையங்கள்தான். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அவற்றைக் கெடுத்துவிடும். வளையம் போனால் செயினும் போனதாகவே அர்த்தம். செயின் நன்றாக உலர்ந்த பின், கீழ்ப்பக்க ஓட்டத்தின் உள்பக்கத்தில், உருளைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே விழும்படி எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலையோ செயின் ஸ்ப்ரேயையோ இட்டு, சக்கரத்தைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். சவாரி முடிந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் ஆயில் உள்ளே எளிதாக இறங்கும். இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மிகுந்ததைத் துடைத்து எடுங்கள். துடைக்காமல் விட்டால், ஓடும்போது ஆயில் பின் டயரிலும் டிஸ்க்கிலும் தெறிக்கும்.

அடுத்தது தொய்வு. கீழ்ப்பக்கச் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்து, மொத்த அசைவை அளவுகோலால் அளக்க வேண்டும். பல கம்யூட்டர் பைக்குகளில் இது 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ அச்சிடப்பட்டிருக்கும். அதை சைடு ஸ்டாண்டில் அளக்க வேண்டுமா, சென்டர் ஸ்டாண்டில் அளக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அந்த வரியையும் படித்துவிடுங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளந்து அதன்படிதான் சரிசெய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து முறுக்கினால், இறுக்கமான பகுதி வரும்போதெல்லாம் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் பேரிங்கை அது இழுக்கும்.

ஆக்சில் நட்டைத் தளர்த்திய பின், இரு பக்க அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவில், கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். இடமும் வலமும் ஸ்விங்ஆர்ம் கோடுகளில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பின் சக்கரம் கோணலாகிவிடும். நட்டை இறுக்கும்போது செயின் இன்னும் சற்று இறுகும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்கவும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இன்னொன்றும் இருக்கிறது. சக்கரம் பின்னுக்கு நகர்ந்தவுடன் பிரேக் ராடு இழுபட்டு, பெடலின் தளர்வு குறைந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் கிளம்பினால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடி, டிரம் சூடேறும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புற நடுவில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்து, பல்லில் பாதி வெளியே தெரிந்தால், அல்லது பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருந்தால், செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால், பழைய பற்கள் புதுச் செயினை விரைவில் தின்றுவிடும்.

டயரும் பிரேக்கும்

டயர் அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு, குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் உள்ள அழுத்தமானிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சொந்தமாக ஒன்று வைத்திருப்பதன் பயன் இதுதான். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். நீங்கள் அடிக்க வேண்டிய எண் கையேட்டில்தான் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கூடுதலாக அடிக்கச் சொல்லியிருப்பார்கள், அதையும் பின்பற்றுங்கள். நம் ஊர்க் குழிகளில் காற்றுக் குறைவாக ஓட்டினால், அலாய் சக்கரத்தின் விளிம்பு நெளிந்து, டியூப்லெஸ் டயரில் காற்று கசிந்துகொண்டே இருக்கும்.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். கடையில் பல ஆண்டுகள் கிடந்த டயரைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

டிஸ்க் பிரேக்கில் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பேடின் கனம் தெரியும். பேடில் வெட்டியிருக்கும் பள்ளம் மறைந்துவிட்டால் மாற்ற வேண்டும். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் முன்னே நகர்வதால், ஹேண்டில்பாரில் உள்ள கிண்ணத்தில் பிரேக் திரவத்தின் மட்டமும் கீழே இறங்கும். மட்டம் குறைந்திருக்கிறதே என்று உடனே மேலே ஊற்றிவிடாமல், முதலில் பேடைப் பாருங்கள். பேட் நன்றாக இருந்தும் மட்டம் குறைந்தால் எங்கோ கசிகிறது. கிண்ண மூடியில் டாட் 4 என்று எழுதியிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். நந்தி மலையிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது லீவர் பஞ்சுபோல் உள்ளே போவதற்கு இது ஒரு காரணம். அதனால் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்ற வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரிலும் இறங்க வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளிலும் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. ஏ.பி.எஸ். அலகுக்குள் காற்று புகுந்தால் வீட்டில் வெளியேற்றுவது கடினம் என்பதால், இந்த ஒரு வேலையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுவதே என் யோசனை.

ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி

என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அணைத்து, ஆயில் கீழே இறங்க நேரம் கொடுத்து, வண்டியை நேராக நிறுத்திய பிறகே ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையில் பார்ப்பது தவறான அளவையே காட்டும். டப்பாவில் கையேடு சொல்லும் தரமும், அதோடு பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியும் இருக்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கி ஓடுகின்றன. கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்சை வழுக்கச் செய்துவிடும். த்ராட்டிலைத் திருகினால் என்ஜின் இரையும், வண்டி நகராது. ஒவ்வொரு முறையும் வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

வடித்த ஆயிலைக் குடியிருப்பின் சாக்கடையில் கொட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். இந்த நகரத்தின் மழைநீர் ராஜகாலுவேக்கள் எனப்படும் பெரிய கால்வாய்கள் வழியாக ஏரிகளுக்குத்தான் போகிறது. நுரை பொங்கி, தீயும் பிடித்த பெள்ளந்தூர் ஏரி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் பீப்பாய் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

ஏர் ஃபில்டரில் காகித வகையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. புழுதி படிந்தால் மாற்றுவதுதான் முறை. ஃபோம் வகையைக் கழுவி, உலர்த்தி, ஆயிலில் தோய்த்துப் பிழிந்து பொருத்தலாம். மெட்ரோ கட்டுமானம் நடக்கும் சாலையில் தினமும் போகிறீர்கள் என்றால் கையேட்டு இடைவெளியில் பாதியிலேயே திறந்து பாருங்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை வெளியேற்ற விதி வந்த பிறகு ஏறத்தாழ எல்லா பைக்குகளும் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் ஃபூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பலவற்றில் கிக்கரும் இல்லை. பேட்டரி போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஓட்டி முடித்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி நலம். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங்கும் நலம். கழற்றும்போது மைனஸ் முனையை முதலிலும், பொருத்தும்போது கடைசியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் சட்டகத்தில் பட்டாலும் தீப்பொறி கிளம்பாது.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் வண்டி அணைந்துவிட்டால் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளிக்கொண்டே வெளியே வந்து, ஏர் ஃபில்டர் பெட்டி உலர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மேம்பாடு

எனக்குத் தெரிந்த வரையில், செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பயன் தருவது நல்ல டயர்தான். அதற்கு அடுத்தது தரமான பிரேக் பேட், பிறகு விளக்கு. பளபளக்கும் லீவர்களும் ஸ்டிக்கர்களும் விருப்பத்தைப் பொறுத்தவை. அவற்றைப் பற்றி இங்கே எழுத எனக்கு எதுவும் இல்லை.

கூடுதல் எல்.இ.டி. விளக்கு பொருத்துவதில்தான் பலரும் வயரிங்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஹெட்லைட் வயரைச் சீவி, அதிலேயே புது விளக்கை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அந்த வயரும் சுவிட்சும் கம்பெனி விளக்கின் மின்னோட்டத்துக்காக மட்டுமே அளவிடப்பட்டவை. தலா 20 வாட் உள்ள இரண்டு விளக்குகளைக் கணக்கிட்டால், 40 வாட்டை 12 வோல்ட்டால் வகுக்க, ஏறத்தாழ 3.3 ஆம்பியர் வருகிறது. இதை, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே வழியாகத்தான் எடுக்க வேண்டும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து, முனைக்கு மிக அருகிலேயே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 30-க்கு ஒரு வயர். 87-லிருந்து விளக்குகளுக்கு ஒரு வயர். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இணைப்பிலிருந்து, சிறு சுவிட்ச் வழியாக 86-க்கு. 85-ஐயும் விளக்குகளின் மைனஸையும் பேட்டரி மைனஸுக்கு. இப்படிச் செய்தால் சுவிட்ச் வழியே ஓடுவது ரிலேயை இயக்கத் தேவைப்படும் சொற்ப மின்னோட்டம் மட்டுமே. சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும். வயர்களை ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, இழுபடாத வழியில் கொண்டுபோய், சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். கம்பெனி வயரை எங்கும் வெட்டாமல், கழற்றினால் வண்டி பழைய நிலைக்கே திரும்பும்படி செய்வதுதான் நல்ல வேலை. வாரண்டி கோரும்போதும் வண்டியை விற்கும்போதும் அதன் அருமை தெரியும். விளக்கின் ஒளியைச் சாலையை நோக்கித் தாழ்த்தி வையுங்கள். ஓசூர் சாலையில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் விளக்கு, அவரை உங்கள் மீதே கொண்டுவந்து விடும்.

சைலன்சரை மாற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சத்தத்துக்கும் புகைக்கும் தனி விதிகள் உண்டு. சட்டத்தை விட்டுவிட்டாலும், தொழில்நுட்ப ரீதியாகவும் இது நல்லதல்ல. இன்ஜெக்‌ஷன் வண்டியில் எரிபொருள் அளவைக் கம்பெனி சைலன்சருக்கும் ஏர் ஃபில்டருக்கும் ஏற்பத்தான் வைத்திருப்பார்கள். குழாயை மட்டும் மாற்றினால் கலவை பெட்ரோல் குறைந்து, என்ஜின் மேலும் சூடேறும் வாய்ப்பு உண்டு.

பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற கார்புரேட்டர் வண்டிகளைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு செய்தி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி இங்கே பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. அங்கே சரியாக இருந்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) இங்கே சற்று அதிகப் பெட்ரோலைத் தரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் காபிப் பழுப்புக்குப் பதிலாக உலர்ந்த கருப்புக் கரி படிந்திருக்கும். முதலில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலேற்றினால் ஊசி கீழே இறங்கி, பெட்ரோல் குறையும். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒரு படிக்கு மேல் அவசரப்படாதீர்கள்.

இத்தகைய பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்கு ஜே.சி. ரோடும் அதை ஒட்டிய தெருக்களும்தான் கதி. கன்னடம், தமிழ், தக்கினி எதில் கேட்டாலும் பதில் கிடைக்கும். பாக எண்ணை எழுதிக்கொண்டு, முடிந்தால் பழைய பாகத்தையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கண்ணாடி, இண்டிகேட்டர் போன்றவற்றை அங்கே வாங்குவதில் தயக்கம் வேண்டாம். பிரேக் பேட், கிளட்ச் தட்டு, பேரிங், செயின் ஆகியவற்றில் மட்டும் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், பெட்டியில் உள்ள அச்சு, முத்திரை, பாக எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கம்பெனி டீலரின் ஸ்பேர்ஸ் கவுண்டரிலேயே வாங்கிவிடுங்கள்.

சக்கரத்தையோ பிரேக்கையோ தொட்ட எந்த வேலைக்குப் பிறகும், சாலைக்கு இறங்குமுன் குடியிருப்பு வளாகத்துக்குள் நடை வேகத்தில் ஒரு சுற்று ஓட்டி, இரு பிரேக்குகளையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பேட் மாற்றியிருந்தால், பிஸ்டன் பேடைத் தொடும்வரை லீவரைப் பல முறை அழுத்திவிட்டே நகர வேண்டும். முதல் அழுத்தலில் லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். பிறகு 50 கி.மீ. ஓடியதும் ஆக்சில் நட், அட்ஜஸ்டர் லாக் நட், காலிப்பர் போல்ட்டுகள், புதிதாகக் கட்டிய விளக்கின் கிளாம்ப் ஆகியவற்றை ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சோதித்து, தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.